புதுப்பிப்பு: அரக்குத் துணியில் அம்மாவின் சிக்குக் கோலம்

அம்மா மார்கழியில் போடும் 7 புள்ளிக் கோலத்தை (1-3-5-7-5-3-1, மொத்தம் 25 புள்ளி) பூஜை அறைத் திரையில் தைக்க ஆசைப்பட்டேன். அரக்கு நிறத் துணியில் வரைந்த கோடு நிற்கவில்லை, நூல் தீரும் இடத்தில் இழை அறுந்தது போலத் தெரிகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். திரை முடிந்துவிட்டது, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மஞ்சள் கார்பன் தாளால் பதித்த கோடு கை பட்டதும் அழிந்துபோனது. பலித்தது பட்டர் பேப்பர் யோசனைதான். தாளில் வரைந்து, துணிமேல் வைத்து, பொடித் தையலில் ஓட்டிவிட்டுத் தாளைக் கிழித்துவிட்டேன். அதன்மேல் இரண்டு இழை வெள்ளை நூலில் சங்கிலித் தையல்.

நூல் மாற்ற ஒரு அக்கா சொன்ன வழி அருமை. கடைசி வளையத்தை இறுக்காமல் விட்டு, புது நூலை அதற்குள்ளிருந்து மேலே எடுத்து, அப்புறம் பழைய நூலைப் பின்பக்கம் இழுத்து முடிய வேண்டும். சேர்த்த இடம் தெரியவே இல்லை. கோலக் கோடு எங்கும் விட்டுப்போகக் கூடாது என்பார் அம்மா. அவரே தேடிப் பார்த்துத் தோற்றார்!

எதிர்பாராதது ஒன்று: புள்ளிகளுக்கு முடிச்சுத் தையலைத் தாளோடு போட்டதால் அடியில் துணுக்குகள் மாட்டிக்கொண்டன. சாமணத்தால் பிடுங்க ஒரு முழு மாலை போயிற்று. தாளைக் கிழித்த பிறகு முடிச்சு போடுங்கள். இஸ்திரி போடும்போது தையல் பக்கத்தைத் துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டால் முடிச்சு நசுங்காது.