மறு: ஜப்பானிய மரச்சிலைகள் – 'அதிர்ஷ்ட பொம்மை' வேண்டாமே

வணக்கம்.

நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல். வீட்டில் வைத்துக்கொள்வதற்காக மரத்தில் செதுக்கிய ஜப்பானிய மங்கலத் தெய்வ உருவங்களைக் கைவினைப் பட்டியலில் எப்படிக் குறிப்பது என்பதுதான் கேள்வி. இந்த மடல் இழையில் பேச்சு வாஸ்து, மூங்கில் செடி என்று எங்கெங்கோ போய்விட்டதால் பொருளிலிருந்தே மறுபடி தொடங்குகிறேன்.

> அதிர்ஷ்ட பொம்மை என்றாலே எல்லோருக்கும் புரியுமே. ஏன் இந்தப் பாடு?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். இந்தத் தெய்வங்கள் எழுவர்: எபிசு, தைக்கொக்குதென், பிஷமொன்தென், பென்சைதென், ஹொதெய், ஃபுகுரொகுஜு, ஜுரோஜின். சேர்த்து ஷிச்சிஃபுகுஜின் என்பார்கள். ஷிச்சி ஏழு, ஜின் தெய்வம். நடுவில் நிற்கும் 'ஃபுகு'தான் நமக்குச் சிக்கல். எபிசுவின் கையில் தூண்டிலும் சிவப்பு மீனும். தைக்கொக்குவின் காலடியில் அரிசி மூட்டைகள். ஜுரோஜினிடம் கேட்பது நீண்ட ஆயுள். வலையில் மீன் விழுவது, அரிசி தீராமலிருப்பது, கிழவராகும் வரை வாழ்வது எல்லாமே ஃபுகு. நம் பேச்சில் அதிர்ஷ்டம் என்றால் சீட்டு விழுவது. 'பதினாறும் பெற்று' என்று வாழ்த்துகிறோமே, அந்தப் பேறுதான் ஃபுகுவுக்குப் பக்கத்தில் வருகிறது.

> குறளில் 'ஆகூழ்' இருக்கிறதே. ஆகூழ்ப் படிமம் என்றால் என்ன?

அழகான சொல்தான், ஆக்கம் தரும் ஊழ் என்று பொருள். ஆனால் ஊழ் ஏற்கெனவே வகுத்தது. 'ஊழிற் பெருவலி யாவுள' என்று கேட்பதும் அதே அதிகாரம்தான். எழுவரைத் தேடிப் போகிறவர்கள் கேட்டால் கிடைக்கும் என்று போகிறார்கள். ஒசாகாவின் இமாமியா எபிசு கோயிலில் ஜனவரி 9 முதல் 11 வரை திருவிழா; வியாபாரம் செழிக்க வேண்டி மங்கலப் பொருள்கள் கட்டிய மூங்கில் கிளையை வாங்கிப் போவார்கள். புத்தாண்டில் நல்ல கனவு வர, எழுவரும் ஏறிவரும் புதையல் கப்பலின் படத்தைத் தலையணைக்கு அடியில் வைக்கும் வழக்கமும் உண்டு. எல்லாம் விதிப்படி என்று இருப்பவர் இத்தனை மெனக்கெட மாட்டார். அப்புறம், 'படிமம்' என்ற சொல்லைக் கவிதைக்காரர்களும் கணினிக்காரர்களும் எப்போதோ பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

> தைக்கொக்குதென் நம் மகாகாளன்தானே, பென்சைதென் சரஸ்வதி. நம் பெயர்களையே போட்டுவிடலாமே?

வரலாறு சரி. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யீஜிங் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். பெரிய விகாரைகளில் அடுக்களைத் தூணருகிலோ வாசலிலோ, மரத்தில் செதுக்கிய உருவம் ஒன்று இருக்கும். இரண்டு மூன்று அடி உயரம், கையில் பொற்பை, ஒரு காலைத் தொங்கவிட்ட இருக்கை. எண்ணெய் தடவித் தடவி முகம் கறுத்துப்போயிருக்கும். மகாகாளன் என்பார்கள். அழிப்பவராக நாம் அறிந்த காளன் அங்கே சோற்றுக்குக் காவல்! ஜப்பானிலும் தெந்தாய் என்ற பௌத்தப் பிரிவின் மடங்கள் வழியாக அவர் நுழைந்த இடம் அடுக்களைதான். பிறகு ஒகுனினுஷி என்ற உள்ளூர்த் தெய்வத்தோடு கலந்தார். அந்தப் பெயரை எழுதும் முதலிரண்டு சீன எழுத்துகளையும் 'தைக்கொக்கு' என்று படிக்க முடியும் என்பது அதற்கு வசதியாகப் போயிற்று. பை தோளுக்கு ஏறியது, கையில் சுத்தியல் வந்தது, முகத்தில் சிரிப்பு வந்தது. இன்று பட்டியலில் மகாகாளன் என்று எழுதினால் வாங்குபவர் உஜ்ஜயினியை நினைத்துக்கொண்டு பெட்டியைத் திறப்பார், உள்ளே தொப்பை போட்ட ஒருவர் அரிசி மூட்டை மேல் நின்று சிரிப்பார்.

பென்சைதென் கதையும் அப்படியே. பெயரில் திறமையைக் குறித்த எழுத்தின் இடத்தில் செல்வத்தைக் குறிக்கும் எழுத்தையும் எழுதத் தொடங்கினார்கள், கலைமகள் காசுக்கும் அதிபதியானாள். காமகுராவில் ஒரு பென்தென் (பென்சைதென்தான்) கோயிலில் பணத்தை ஊற்றுநீரில் கழுவி எடுத்துப் போகிறார்கள். நம் சரஸ்வதி பூஜையில் யாரும் அதைச் செய்வதில்லை.

ஆகவே ஜப்பானியப் பெயர் அப்படியே இருக்கட்டும், மூலத்தை விளக்கத்தில் சொல்லலாம். நம் கடைகளில் 'சிரிக்கும் புத்தர்' என்று விற்பது ஹொதெயைத்தான். அவர் புதாய் என்ற சீனத் துறவி, புத்தரல்ல. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி பிய்க்க முடியாது. இன்னும் ஆறு பேருக்கும் அதைச் செய்ய வேண்டுமா?

> திருமேனி?

அது வழிபாட்டுக்கு நிறுவியதற்கு. ஜப்பானிலும் புத்த உருவங்களுக்குக் கண் திறக்கும் சடங்கு உண்டு, கைகென் என்று பெயர். கடையில் வாங்கி அலமாரியில் வைக்கிற தைக்கொக்குவுக்குப் பெரும்பாலும் அது நடப்பதில்லை. பொம்மை என்றால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். கொலுவைச் சொல்லி மறுப்பீர்கள், தெரியும். ஆனால் கொலு என்ற சொல் முன்னால் நிற்பதால்தான் அங்கே பொம்மைக்கு மதிப்பு. அலங்காரத்துக்கும் வழிபாட்டுக்கும் இடையில் நிற்க 'பதுமை' பொருந்துகிறது. எனவே என் முன்மொழிவு: *நற்பேற்றுப் பதுமை*. மரம் என்று சொல்லியாக வேண்டிய இடத்தில் *நற்பேற்று மரப்பதுமை*. 'நல்' எதற்கு, பேற்றுப் பதுமை போதாதா என்று கேட்பவர்கள் பேறுகாலத்தை நினைத்துப் பார்க்கவும்.

அடுத்து, இத்தோபொரி என்ற ஜப்பானிய மரச்செதுக்கு முறைக்கு இந்த இழையில் வந்த 'ஒற்றையுளிச் செதுக்கு' சொல்லுக்குச் சொல் சரி, வேலைக்குச் சரியில்லை. ஹிதா தகாயமா என்ற ஊரில் மத்சுதா சுகெநாகா என்ற சிற்பி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த மரபில் இச்சீ என்ற ஊசியிலை மரத்தைச் செதுக்குகிறார்கள். வண்ணம் பூசுவதில்லை. வைரப்பகுதி சிவப்பு, சுற்றியுள்ள வெளிப்பகுதி வெளிர். எந்த நிறம் எங்கே விழ வேண்டும் என்று பார்த்துக் கட்டையைத் திருப்பி வைத்துத்தான் உளியை எடுப்பார்கள். ஆண்டு ஆக ஆக முழுவதும் தேன் நிறத்துக்குக் கறுக்கும். நாராவில் அதே பெயருள்ள வேலையிலோ பளிச்சென்று வண்ணம் பூசுகிறார்கள். இரண்டிலும் உளி ஒன்றல்ல, பல. இரண்டுக்கும் பொது, உளி வெட்டிய முகங்களைத் தேய்த்து மழுக்காமல் அப்படியே விடுவது. *உளித்தடச் செதுக்கு* என்று வைக்கலாம்.

கடைசியாக 'செவாரி'. கட்டை காயும்போது முகத்தில் வெடித்துவிடாமலிருக்க, முதுகில் முன்கூட்டியே நடுமரம் வரை போடும் பிளவு இது. பட்டியலில் வெறுமனே 'பின்புறப் பிளவு' என்று எழுதினால் உடைசல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தற்காலிகமாகக் *காப்புப் பிளவு* என்று குறித்திருக்கிறேன். தூண் மரத்துக்கு நம் ஆசாரிமார் இப்படிச் செய்வதுண்டா, செய்தால் என்ன சொல்வார்கள்? தச்சுப் பட்டறைப் பக்கம் போகிறவர்கள் கேட்டு எழுதுங்கள். அந்தச் சொல் கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.