பழைய டேபிளின் கோணல்மாணலான நெடுவரிசைப் பெயர்களை பைத்தானில் எப்படிக் கையாள்வது?

கேள்வி:
மைக்ரோசாஃப்ட் ஆக்சஸிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு அப்படியே ஏற்றிய டேபிள். பெயர்கள் "கஸ்ட் நேம்" (நடுவில் இடைவெளி, பெரிய எழுத்துகளும் உண்டு), சின்ன எழுத்தில் "கிளாஸ்", "டிஸ்க் %" என்று இருக்கின்றன. பழைய ரிப்போர்ட் புரோகிராம் இவற்றையே படிப்பதால் மாற்ற முடியாது. எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0-வில் (பைத்தானிலிருந்து டேட்டாபேஸைக் கையாளும் லைப்ரரி) எல்லா இடத்திலும் கெட்ஆட்டர் (பெயரை ஸ்டிரிங்காகக் கொடுத்து மதிப்பை எடுக்கும் ஃபங்ஷன்) போடாமல் எழுத வழி உண்டா?

பதில் 1:
உண்டு. பைத்தான் பெயரும் டேட்டாபேஸ் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மாடலில், அதாவது டேபிளைக் குறிக்கும் பைத்தான் கிளாஸில், ஆட்ரிபியூட்டுக்கு நல்ல பெயர் வைத்து, மேப்டு_காலம் (இங்கே காலம் என்றால் நெடுவரிசை) ஃபங்ஷனின் முதல் ஆர்கியூமென்டாக டேட்டாபேஸ் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். இரட்டை மேற்கோளை அதுவே போட்டுக்கொள்ளும். நீங்களும் போட்டால் மேற்கோளும் பெயரில் சேர்ந்து, அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று எரர் வரும். "கிளாஸ்" பைத்தானின் கீவேர்டு, அதை அப்படியே பெயராக வைக்க முடியாது; கடைசியில் ஒரு அண்டர்ஸ்கோர் சேர்ப்பது பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்லும் வழக்கம். ஆனால் அது வாடிக்கையாளர் பிரிவு என்றால் அந்தப் பொருளிலேயே பெயர் வைப்பதுதான் சரி. ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் புரிய வேண்டும்.

பதில் 2:
எழுதும் முன் பெயர்களை ரெப்ர் (ஸ்டிரிங்கை மேற்கோளோடு காட்டும் ஃபங்ஷன்) வழியாக அச்சிட்டுப் பாருங்கள். இப்படி ஏற்றிய டேபிள்களில் "அமவுண்ட் " என்று கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

நெடுவரிசைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் காலம்_ரிஃப்ளெக்ட் ஈவென்டில் (எஸ்க்யூஎல்ஆல்கெமி டேட்டாபேஸிலிருந்து நெடுவரிசைகளைத் தானே படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடப்பது) ஒவ்வொன்றின் கீ மதிப்பையும், அதாவது பைத்தான் பக்கப் பெயரையும், மாற்றலாம்: சின்ன எழுத்தாக்கு, எழுத்தோ எண்ணோ அல்லாததை அண்டர்ஸ்கோராக்கு, முனைகளில் மிஞ்சும் அண்டர்ஸ்கோரை வெட்டு, கீவேர்டு என்றால் கடைசியில் ஒன்று சேர். இதில் "டிஸ்க்", "டிஸ்க் %" இரண்டும் ஒரே பெயராகிவிடும். மோதினால் அங்கேயே எரர் எழுப்புங்கள், ஓசையில்லாமல் எண் ஒட்டாதீர்கள்.

சைக்காப்ஜியில் (பைத்தானை போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் லைப்ரரி) நேரடி எஸ்க்யூஎல் எழுதி பாராமீட்டரும் அனுப்பினால், பெயரிலுள்ள % குறியை %% என்று இரட்டிக்க வேண்டும்.

பதில் 3:
பலர் தொடும் டேபிள் என்றால், நல்ல பெயர்களோடு ஒரு வியூ (டேபிள் போலவே படிக்கக்கூடிய, சேமித்துவைத்த குவெரி) உருவாக்குவதே என் தேர்வு. ஒரே டேபிள் மேல் அமைந்த எளிய வியூவில் போஸ்ட்கிரெஸ் 9.3 முதல் இன்சர்ட்டும் அப்டேட்டும் நேரடியாக நடக்கும். வியூவுக்கு பிரைமரி கீ கிடையாது. மாடலில் நீங்களே குறிப்பிட வேண்டும்.

எஸ்க்யூஎல்ஆல்கெமிக்குப் பதில் ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) என்றால், டேட்டாபேஸ் பெயரைக் கொடுக்க டிபி_காலம் ஆப்ஷன் இருக்கிறது. அங்கே ஃபீல்டு பெயர் அண்டர்ஸ்கோரில் முடியக்கூடாது, நடுவில் இரட்டை அண்டர்ஸ்கோரும் ஆகாது. அதனால் மேலே சொன்ன பெப் 8 வழக்கம் அங்கே செல்லாது.