கிரகரி வாவியில் டிராகன் படகுப் போட்டி: இரண்டு நாள் பயணத்துக்கு எப்படித் தயாராவது?

காசல்ரீ கரை:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பெப்ரவரியில் நுவரெலியா கிரகரி வாவியில் போட்டி. சனிக்கிழமை 200 மீற்றர், ஞாயிறு 500 மீற்றர், ஆண்களும் பெண்களும் சேர்ந்த கலப்புப் பிரிவு, பெரிய படகு. படகு, சுக்கான், முரசு மூன்றையும் நடத்துகிறவர்கள் தருவார்கள். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

ஆட்கள் 26 பேர்: துடுப்புக்கு 20, முரசு ஒன்று, சுக்கான் ஒன்று, மாற்றுக்கு நாலு. பதினெட்டுப் பேர் ஹட்டன், நோர்வூட் பக்கம். எட்டுப் பேர் கொழும்பில் வேலை, வெள்ளி மாலைதான் புறப்பட முடியும். பயிற்சி முழுவதும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில், பத்துப் பேர் துடுப்புப் போடும் சின்னப் படகில். கையில் காசு குறைவு, அதனால் ஒரு மண்டபத்தில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவதாக யோசனை.

கேட்க வேண்டியவை: சின்னப் படகில் பழகியவர்கள் பெரிய படகில் எதைக் கவனிக்க வேண்டும்? இருக்கை எப்படிப் பிரிப்பது? சாப்பாடு, உடுப்பு, பயணத்தில் எது சொதப்பும்?

சுக்கான்காரன்:

தம்பி, முதலில் படகைப் பற்றிச் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

பெரிய படகு கிட்டத்தட்ட பன்னிரண்டரை மீற்றர் நீளம், நடுவில் அகலம் 1.16 மீற்றர், வெறும் படகே 250 கிலோ அளவில் வரும். ஆளுக்குச் சராசரி 65 கிலோ வைத்தாலும் 22 பேரோடு ஒன்றே முக்கால் தொன்னுக்குக் கிட்ட. இதைச் சும்மா நிற்கிற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். சின்னப் படகில் பழகிய கை முதல் வீச்சிலேயே அவசரப்படும். படகு அசையுமுன் துடுப்பை இழுத்துவிட்டால் அலகைச் சுற்றி நுரைதான் வரும், படகு வராது. முதல் ஐந்து வீச்சு ஆழமாக, நீளமாக, மெதுவாக. அலகு முழுவதும் தண்ணீருக்குள் போன பிறகுதான் இழுவை. படகு எழும்பி ஓடத் தொடங்கியதும் பத்துப் பதினைந்து வீச்சு வேகமாக, அதற்குப் பிறகு போட்டி வேகம்.

இருக்கைக்கு எல்லாரையும் தராசில் ஏற்றுங்கள், போட்டி உடுப்போடு. அவரவர் சொல்லும் நிறையை நம்ப வேண்டாம். ஆளுக்கொரு துண்டுக் கடதாசியில் பெயர், நிறை, எந்தப் பக்கம் என்று எழுதி மேசையில் பரப்பி நகர்த்திப் பாருங்கள். முதல் மூன்று வரிசைக்கு நிறை குறைந்த, தாளம் தவறாத ஆட்கள். அங்கே படகு ஒடுக்கம், பெரிய உடம்பு இருந்தால் இடுப்பைத் திருப்ப முடியாது. நாலு முதல் ஏழு வரை பாரமும் பலமும் உள்ளவர்கள். எட்டு முதல் பத்து வரை நல்ல பலசாலிகளாக இருக்க வேண்டும், ஏனென்றால் முன்னால் உள்ளவர்கள் கிளப்பிவிட்ட, ஏற்கெனவே ஓடுகிற தண்ணீரைத்தான் அவர்கள் பிடிக்க வேண்டும். கை சுறுசுறுப்பாக இல்லாவிட்டால் அலகு வழுக்கும். இடது, வலது பக்க நிறைக் கூட்டுத்தொகைகளின் வித்தியாசம் பத்துக் கிலோவுக்குள் நிற்கட்டும். முன் பாரம் கூடினால் மூக்கு அமிழ்ந்து படகு சொன்ன பேச்சுக் கேட்காது. பின் பாரம் கூடினால் வால் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். படகின் அடியில் கிடக்கும் கொஞ்சத் தண்ணீர் எந்தப் பக்கம் சேர்கிறது என்று பாருங்கள், சாய்வு தெரிந்துவிடும்.

கலப்புப் பிரிவுக்குச் சர்வதேச விதி இருபது துடுப்பில் பெண்கள் எட்டுக்குக் குறையாமல், பன்னிரண்டுக்கு மேல் போகாமல். முரசும் சுக்கானும் இந்தக் கணக்கில் இல்லை. உங்கள் போட்டியில் எது என்று அணித்தலைவர் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று நால்வரில் இரண்டு பேர் பெண்களாக இருந்தால், ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலும் அணி கலையாது. மாற்று ஆட்கள் இரு பக்கமும் துடுப்புப் போடப் பழகியிருக்க வேண்டும்.

சுக்கான் பிடிப்பவருக்கு: பெரிய படகு பிந்தித் திரும்பும், திரும்பத் தொடங்கினால் பிந்தித்தான் நிற்கும். சின்னத் தள்ளு, பொறு, நேராக்கு. கோணல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு திருத்தினால் பக்கத்துப் பாதைக்குப் போய்விடும். ஏறியவுடன் சுக்கானைப் பிடிக்கும் கயிற்றை அசைத்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் 500-இன் நடுவில் கை ஓய்ந்துவிடும். போட்டிக்கு டிராகன் தலையும் வாலும் பூட்டுவார்கள். தலை காற்றைப் பிடிக்கும், பக்கக் காற்றில் மூக்கு ஒதுங்கும். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் மூக்கை வைத்திருங்கள். அந்த வேலையைச் சுக்கான் தனியாகச் செய்ய முடியாது: முதல் வரிசையில் காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டிப் பக்கவாட்டில் தண்ணீரைத் தன்பக்கம் இழுக்க வேண்டும். அந்த ஒரு கட்டளையை நூறு தடவை பழகுங்கள்.

முடிந்தால் பெப்ரவரிக்கு முன் ஒரு நாளாவது பெரிய படகில் உட்காருங்கள். அது முடியாவிட்டால் தரையில் பத்து வாங்கு வரிசையாகப் போட்டு இருபது பேரும் சேர்ந்து வீச்சைப் பழகினாலும் பாதி வேலை ஆகும்.

முரசு அக்கா:

சுக்கான்காரன் அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். சின்னப் படகில் ஐந்து வரிசை, கடைசி வரிசைக்கும் முன்வரிசை நன்றாகத் தெரியும். பத்து வரிசையில் தெரியாது. உடனே பின்னால் இருப்பவர்கள் முரசைக் கேட்டு அடிக்கத் தொடங்குவார்கள். கேட்டு, உணர்ந்து, கை அசையும்போது அரை வீச்சுப் பிந்திவிடும். படகு பின்னாலிருந்து முன்னுக்கு நெளியும். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் மேல் கையைப் பார்க்க வேண்டும். முதல் வரிசை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கட்டும். முரசு அடிப்பவர் தாளம் கொடுப்பவர் இல்லை, முதல் வரிசையின் தாளத்தைப் பிடித்துப் பின்னுக்கு அனுப்புபவர். இதை மாற்றிச் செய்யும் அணிகள்தான் அதிகம்.

அங்கே குளிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "நாங்கள் மலைநாட்டுக்காரர்" என்று மார்தட்ட வேண்டாம். ஹட்டன் 1270 மீற்றர் அளவில், நுவரெலியா 1868. பெப்ரவரி விடியலில் 5 பாகைக்குக் கீழே போகும் நாட்களும் உண்டு, புல்லில் உறைபனி பிடிக்கும். பத்து மணிக்குப் பிறகு அதே இடத்தில் வெயில் தோலை உரிக்கும். சனிக்கிழமை துடுப்புப் போடும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் அஞ்சு நிமிடம் வராது; மிச்ச நேரம் முழுக்க ஈர உடுப்போடு கரையில் நிற்பதுதான். ஆட்கள் சோர்வது அங்கேதான்.

பருத்தி ரீ-சேர்ட் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். பொலியெஸ்டர் முழுக்கை மேல்சட்டை ஆளுக்கு மூன்று, காற்சட்டை இரண்டு, கம்பளித் தொப்பி ஒன்று, காலுறை மூன்று சோடி. நுவரெலியாவில் இரவு காயப்போட்டது காலையில் அப்படியே ஈரமாக இருக்கும், அந்த நம்பிக்கையில் குறைத்துக் கட்டாதீர்கள். ஓட்டம் முடிந்து இறங்கியவுடன் மாற்றிவிட வேண்டும், "அடுத்த ஓட்டம் ஒரு மணித்தியாலத்தில்தானே" என்று ஈரத்தோடு இருந்தால் தசை இறுகும். பழைய பத்திரிகைத்தாள் ஒரு கட்டு எடுத்துப்போனால் சப்பாத்துக்குள் திணிக்கலாம். தார்ப்பாய் இரண்டு, நிலத்தில் விரிக்க ஒன்று, மேலே கட்ட ஒன்று.

அணியிலேயே அதிகம் குளிர்வது முரசு அடிப்பவர். மற்றவர்கள் உடம்பை அசைக்கிறார்கள், அவர் காற்றுக்கு முதுகைக் கொடுத்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். காற்றுப் புகாத ஜக்கெட் ஒன்று கட்டாயம், லைஃப் ஜாக்கெட் அதற்கு மேலே.

கொழும்பிலிருந்து வரும் எட்டுப் பேருக்கு: கடல் மட்டத்தை விட அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 200 மீற்றரில் பெரிதாகத் தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும் 500-இல் மூச்சு வாங்கும், அடுத்த ஓட்டத்துக்குள் தேறுவதும் மெதுவாகத்தான். ஞாயிறு தொடக்க வேகத்தைக் கொஞ்சம் அடக்கி, நடுவில் நீளமான வீச்சில் நில்லுங்கள்.

லயத்துச் சமையல்:

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். ஓட்டுநரோடு 27 பேர்.

வெள்ளி இரவு சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு. ஆளுக்கு 125 கிராம் அரிசி என்றால் மூன்றரைக் கிலோ, மைசூர்ப் பருப்பு 50 கிராம் வீதம் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கொஞ்சம். சிக்கல் அடுப்பில் வரும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால் எல்லாம் வேகத் தாமதமாகும். கொழும்பில் சமைத்துப் பழகிய ஆள் அடுப்படியில் நின்றால் அரைவேக்காட்டுப் பருப்புத்தான். பருப்பை அரை மணி முன்னாலேயே ஊறவையுங்கள், காஸ் வழக்கத்தை விடக் கூடுதலாகக் கணக்குப் போடுங்கள். கடலை, பயறு போட்டி முடியும் வரை வேண்டாம். குனிந்து நிமிரும் வேலையில் வயிறு ஊதினால் யாருக்கும் நல்லதில்லை.

காலைச் சாப்பாடு முதல் ஓட்டத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முன். எட்டு மணி ஓட்டம் என்றால் ஐந்தரைக்குச் சாப்பாடு, நாலரைக்கு அடுப்பு. பாண், ஜாம், வாழைப்பழம், இனிப்புப் போட்ட பிளேன்டீ. கட்டைச்சம்பல், தேங்காய்ப்பால் கறி ஞாயிறு மாலைக்கு இருக்கட்டும். ஓட்டங்களுக்கு இடையில் ஒரே தடவையில் நிறையச் சாப்பிடாமல் பாதி வாழைப்பழம், நாலு மாரி பிஸ்கட், சீனி போட்டுச் சுருட்டிய ரொட்டி. ஒரு நாளைக்கு 80 வாழைப்பழம் போகும். நுவரெலியாக் கடையில் காலையில் அவ்வளவு நல்ல பழம் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், ஹட்டனிலேயே செங்காயாக வாங்குங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர், 19 லீற்றர் போத்தல் நாலும் கொஞ்சமும். குளிரில் தாகம் தெரியாது, அதனால் குடிக்கவே மாட்டார்கள். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) பக்கற்றைச் சுடுநீர்ப் பிளாஸ்க்கில் கரைக்க வேண்டாம். ஆறிய நீரில், பக்கற்றில் எழுதிய அளவுக்கு மட்டும். வாவித் தண்ணீர் வாய்க்குள் போகாமல் பார்க்கவும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டாமல் படகில் ஏற வேண்டாம், எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை.

காசல்ரீ கரை:

மிக்க நன்றி. இரண்டு விசயம் இன்னும் தெளிவில்லை. கொழும்பு ஆட்கள் ரயிலில் நேரே நானுஓயா நிலையத்தில் இறங்குவதா, ஹட்டனில் இறங்கி எங்களோடு வேனில் வருவதா? அடுத்தது, படகு கவிழ்ந்தால் அந்தக் குளிர்த் தண்ணீரில் என்ன செய்வது? சின்னப் படகில் ஒரு தடவை பழகினோம், 22 பேரை எண்ணுவதே கஷ்டமாக இருக்குமே.

சுக்கான்காரன்:

கவிழ்ந்தால் படகை விட்டு யாரும் நீந்திப் போகக்கூடாது. கரை கிட்டத்தில் தெரிந்தாலும் அதுதான் விதி. குளிர் நீர் பட்டதும் மூச்சு இழுத்துக்கொள்ளும், ஒரு நிமிடத்தில் அடங்கும். அதுவரை லைஃப் ஜாக்கெட்டை நம்பி மிதந்தால் போதும், நீந்த முயல வேண்டாம். ஒரே வாங்கில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு. ஒருவரைக் காணவில்லை என்றால், படகுக்கு அடியில் மாட்டியிருப்பாரோ என்று முதலில் தேட வேண்டியவர் அவரோடு ஒரே வாங்கில் இருந்தவர்தான். தலை எண்ணுவது இப்படி: முதல் வரிசையிலிருந்து சோடி சோடியாக "ஒன்று சரி, இரண்டு சரி" என்று கத்த வேண்டும். பத்து வரை வந்து, முரசும் சுக்கானும் சொன்னால் 22 பேரும் இருக்கிறார்கள். எந்த எண்ணில் சத்தம் நிற்கிறதோ அங்கே பாருங்கள். துடுப்பு மிதந்து போனால் போகட்டும்.

அதற்கு முன்னால், கவிழாமல் பார்க்கலாம். படகு ஆடினால் எல்லாரும் துடுப்பை உயரத் தூக்குவார்கள், அதுதான் கவிழ்க்கும். அலகைத் தட்டையாகத் தண்ணீர் மேல் வைத்து அழுத்த வேண்டும். இருபது துடுப்பும் இரு பக்கமும் விரிந்தால் படகு நிற்கும். ஏறும்போது சுக்கான் முதலில், பிறகு நடு வரிசையிலிருந்து முன்னும் பின்னுமாக. ஏறியவர் உடனே உட்கார்ந்து துடுப்பை விரிக்க வேண்டும். வாவியில் வேறு இயந்திரப் படகுகள் ஓடினால் அவை கிளப்பும் அலைக்கும் இதே கட்டளை.

லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுக்கு ஏறினால் அது பெரிது, அல்லது கீழ்ப்பட்டி இறுகவில்லை.

முரசு அக்கா:

பயணம் பற்றி: ஹட்டனில் இறங்கி வேனில் வருவதே நல்லது என்பது என் எண்ணம். நானுஓயாவில் நள்ளிரவில் இறங்கினால் நுவரெலியாவுக்கு இன்னும் எட்டுக் கிலோமீற்றர், குளிரில் ஆட்டோ தேட வேண்டும்.

லயத்துச் சமையல்:

அக்கா சொல்வதில் ஒரு குறை. எட்டுப் பேருக்காகப் பதினெட்டுப் பேரும் ஹட்டனில் பாதி இரவு காத்திருந்தால் யாருக்கும் தூக்கமில்லை. வேன் பகலிலேயே போய் மண்டபத்தை எடுத்து, உலை வைத்துத் தயாராக இருக்கட்டும். கொழும்பு ஆட்கள் நுவரெலியாவுக்கு நேரே போகும் இரவு பஸ்ஸில் வரலாம், அல்லது ரயிலென்றால் நானுஓயாவுக்கு ஒரு வேனை முன்பதிவு செய்யுங்கள். மண்சரிவு, மழை என்று ரயில் ஓடாத நாட்கள் வரும், வியாழக்கிழமையே விசாரித்துவிடுங்கள். தலவாக்கலை தாண்டிய வளைவுகளில் வாந்தி வரும் ஆட்கள் முன் ஆசனத்தில், வெறும் வயிற்றில் ஏறாமல்.

மண்டபத்தில் சுடுநீர்க் குழாய் ஒன்றுதான் என்றால் 26 பேருக்குப் போதாது. பெரிய பானையில் தண்ணீர் சுட வைத்து வாளியில் கலந்து குளிக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

முரசு அக்கா:

சரி, அந்தக் காத்திருப்பை நான் யோசிக்கவில்லை. வேன் முன்னாலேயே போகட்டும்.

துடுப்புகளை மறந்துவிட்டோம். காபன் துடுப்பு மேல் பை ஏற்றினால் அலகு ஓரம் வெடிக்கும், ஒவ்வொன்றையும் துவாயில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். பெரிய படகின் விளிம்பு உயரம், நடு வரிசையில் சின்னப் படகுத் துடுப்பு எட்டாமல் போகலாம். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடிய துடுப்பு நாலைந்து இரவலாகக் கொண்டுபோங்கள், 130 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம், அதுதான் விதிமுறை உச்சம். திரும்பி வரும்போது லைஃப் ஜாக்கெட்டை ஈரத்தோடு சாக்கில் கட்டாதீர்கள், திங்கட்கிழமை பூஞ்சணம் பிடித்திருக்கும். வேன் கூரையிலும் கட்ட வேண்டாம், வளைவில் பறக்கும். கடைசி ஆசனத்தில் விரித்துப் போடுங்கள்.