அப்பாவின் மொரிஸ் மைனருக்கு ஒட்டோ கியர் போடலாமா?

வெள்ளவத்தையான்:
அப்பாவிடம் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது. 948 சிசி, நாலு கியர். அவருக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. காலி வீதி நெரிசலில் கிளச்சை மிதித்துவிட்டு வந்தால் இரவு முழுக்க வலி. வேறு கார் ஓட்ட மனமில்லை. பழைய கொரோலா ஒன்றின் எஞ்சினையும், கிளச் மிதிக்கத் தேவையில்லாத ஒட்டோ கியர் பெட்டியையும் சேர்த்தே போடலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் விருப்பம்.

மொரிஸ்1000:
தயவுசெய்து வேண்டாம், தம்பி. 1948 முதல் 1971 வரை எந்த மைனரும் தொழிற்சாலையிலிருந்து ஒட்டோ கியரோடு வரவில்லை. ஒட்டோ பெட்டி பெரிது, கியர் பெட்டிக்கு மேலுள்ள நடுத்தகட்டை வெட்டி அகலமாக்க வேண்டிவரும். மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, பாரத்தை உடல்தான் தாங்குகிறது. முதலில் கிளச்சைப் பாருங்கள். அதை இயக்குவது எண்ணெய் அழுத்தம் இல்லை, வெறும் தண்டுகள்தான். தண்டு மூட்டுகளிலுள்ள புஷ் தேய்ந்தால் பெடல் இறுகிவிடும்.

வெள்ளவத்தையான்:
புஷ் எல்லாம் மாற்றியாயிற்று, அண்ணா. பெடல் இளகியது உண்மை. ஆனால் ஓடும்போதே கியரை இலகுவாக விழவைக்கும் சிங்க்ரோ முதலாம் கியருக்கு இல்லையே. ஊர்ந்து போகும்போது அதற்கு மாற்ற, காரை முழுதாக நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். பம்பலப்பிட்டியில் மாலை நேரம் அதுதான் ஆளைக் கொல்கிறது.

பஞ்சிகாவத்தைக்காரன்:
நான் இந்த வேலை செய்கிறவன். செய்யலாம். ஆனால் 37 குதிரைத்திறன் எஞ்சினோடு ஒட்டோ போட்டால் ஏற்றத்தில் இழுக்காது. அதனால் எஞ்சினும் மாறியே ஆகவேண்டும். எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும். பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்டை அளவுக்கு வெட்டி பலன்ஸ் பார்க்க வேண்டும், கியர் எண்ணெய்க்குக் கூலர் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். மைனருக்கு நாலு சக்கரமும் டிரம். ஒட்டோவில் எஞ்சின் காரைப் பிடித்து மெதுவாக்குவது குறைவு. றம்பொடை மலைப்பாதையில் இறங்கும்போது அது தெரியும். முன்னுக்கு டிஸ்க் போடாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது.

மொரிஸ்1000:
எஞ்சின், கியர், பிரேக் மூன்றும் போனால் அது எப்படி அப்பாவின் காராகும்? தினசரிப் பாவனைக்குச் சின்ன ஒட்டோ கார் ஒன்று வாங்குங்கள். மைனரை ஞாயிறு காலையில் எடுக்கட்டும், அப்போது வீதி வெறிச்சென்று இருக்கும்.

தெஹிவளை வாசுகி:
ஞாயிறு மட்டும் ஓடும் கார் கடற்கரைப் பக்கம் எப்படி உக்குகிறது என்று பார்த்தவள் நான். வெட்டக்கூடாது என்கிறீர்கள், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் ஜாக் வைக்கும் இடத்தையும் துரு தின்றுவிட்டால் அங்கேயும் வெட்டித்தானே ஒட்டுவீர்கள்? ஓடுகிற காருக்குத்தான் கவனிப்பு கிடைக்கும்.

மொரிஸ்1000:
துருவுக்கு வெட்டுவது காரைக் காப்பாற்ற. இது அப்படியில்லை. அதுசரி, இதை அப்பா கேட்டாரா, நீங்கள் கேட்கிறீர்களா?

வெள்ளவத்தையான்:
அவரே கேட்டார். அம்மாவைத் தானே கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். பிரேக்கில் தொடங்குகிறோம். கழற்றும் எஞ்சினையும் கியர் பெட்டியையும் விற்கமாட்டோம்.

மொரிஸ்1000:
அப்படியென்றால் தகட்டை வெட்டுவதற்கு முன் அளவெடுத்துப் படமும் எடுத்து வையுங்கள். வெட்டிய துண்டையும் எறிய வேண்டாம். என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கிறது.