மெயின் கூன் என்று சொல்லி விற்கப்படும் குட்டிகள்: தூய இனம்தானா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

சிறுவாணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். நீண்ட ரோமமுள்ள பெரிய பூனை ஒன்றை வளர்க்க வேண்டும் என்பது என் மகளின் நெடுநாள் ஆசை. அதிலும் மெயின் கூன் இனம்தான் வேண்டும் என்கிறாள். வெளியூர் விற்பனையாளர் ஒருவர் இரண்டு குட்டிகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். முதலாவது ஏழு மாதக் கடுவன்: பழுப்பு உடலில் கறுப்புக் கோடுகள், வெள்ளை மார்பு, வெள்ளைப் பாதங்கள், நெற்றியில் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போன்ற குறி, காது நுனியில் ரோமக் குஞ்சம். எடை 3.8 கிலோ என்கிறார். இரண்டாவது நான்கு மாதப் பெட்டை: உடல் வெளிர் சந்தன நிறம், முகம், காது, வால், கால்கள் அடர் பழுப்பு, கண்கள் நீலம். இது ‘அரிய வகை மெயின் கூன்’ என்பதால் முதலாவதைப் போல இரு மடங்கு விலை கேட்கிறார்.

இரண்டுமே நூறு சதவீதம் ஒரிஜினல், ‘ட்ரிபிள் கோட்’, வளர்ந்தால் பதினைந்து கிலோ வரும் என்று அவர் உறுதி கூறுகிறார். சான்றிதழைப் பற்றிக் கேட்டால், வீட்டில் வளர்ப்பதற்குச் சான்றிதழ் எதற்கு என்று பேச்சை மாற்றுகிறார். குட்டிப் பருவத்திலேயே இந்த இனத்தை அடையாளம் காண முடியுமா? முடியுமென்றால் எந்தெந்த உறுப்புகளைக் கவனிக்க வேண்டும்? நார்வேஜியன் ஃபாரஸ்ட், சைபீரியன் ஆகிய பூனைகளும் ஏறக்குறைய இப்படித்தானே இருக்கின்றன? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மார்கழிப்பனி:

வணக்கம் நண்பரே. விற்பனையாளர் உங்களுக்குக் காட்டியிருக்கும் அடையாளங்களில் ஒன்றுகூட இனத்தை உறுதி செய்யாது என்பதால், முதலில் அவற்றை ஒதுக்கிவிடுவோம். நெற்றியிலுள்ள ‘எம்’ குறி, டேபி என்னும் வரிக்கோல நிறமுள்ள எல்லாப் பூனைகளுக்கும் பொதுவானது. உங்கள் தெருவில் திரியும் வரிப்பூனையின் நெற்றியிலும் அதைப் பார்க்கலாம். காது நுனிக் குஞ்சம் மெயின் கூனுக்கு அழகு சேர்ப்பதே தவிர, கட்டாயமன்று. குஞ்சமில்லாத தூய மெயின் கூன்களும் உண்டு, குஞ்சமுள்ள வேறு இனங்களும் உண்டு. நீண்ட ரோமமும் அப்படித்தான். எஃப்.ஜி.எஃப்.5 என்னும் ஒரே மரபணுவில் ஏற்படும் ஒடுங்கு மாற்றத்தால் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் மாற்றம்) ரோமம் நீளுகிறது. ஆகவே குட்டை ரோமமுள்ள இரு நாட்டுப் பூனைகள் அந்த மாற்றத்தை மறைவாகச் சுமந்திருந்தால், அவற்றுக்கும் பஞ்சுபோல நீண்ட ரோமத்துடன் ஒரு குட்டி பிறந்துவிடும். ‘ட்ரிபிள் கோட்’ என்பது நம் ஊர்ச் சந்தையில் பெர்சியன் குட்டிகளை விற்பவர்கள் புழங்கும் சொல். அதை மெயின் கூனுக்குப் போட்டுச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

கவனிக்க வேண்டியது எலும்பமைப்பு. குட்டியின் கண் மட்டத்தில் கேமராவை வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலிருந்து எடுத்த படங்களில் எல்லாப் பூனைகளும் அழகாகத்தான் தெரியும். மெயின் கூனின் நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கும் கோடு மெல்லிய உட்குழிவோடு வளைந்து வரும். பெர்சியனைப் போல வெட்டியிறங்காது, திடீர்ப் பள்ளமும் இராது. மஸில் என்று பூனை வளர்ப்போர் சொல்லும் மூக்கும் வாயும் சேர்ந்த முன்பகுதி, ஏறத்தாழச் சதுரமாக, தீப்பெட்டியை முகத்தில் பொருத்தியது போல முன்தள்ளி நிற்கும். மோவாய் உறுதியாக, மேலுதட்டுக்கும் மூக்குநுனிக்கும் நேர்க்கீழே அமைந்திருக்க வேண்டும். இந்த முன்பகுதிதான் கலப்பினத்தில் முதலில் கெடும் இடம் என்பது என் கருத்து. ரோமமும் நிறமும் கலப்பிலும் நன்றாகவே வந்துவிடுகின்றன. சதுர முகமும் மோவாயும் அவ்வளவு எளிதில் வருவதில்லை.

காதுகள் பெரியவை, அடியில் அகன்று, நுனியில் கூம்பி, தலையின் உச்சியை ஒட்டி நிமிர்ந்து நிற்கும். இரு காதுகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு காதின் அகலமே இடைவெளி இருக்கும். காதுகள் சிறுத்து, தலையின் பக்கவாட்டில் தள்ளி அமைந்திருந்தால் பெர்சியன் கலப்பைச் சந்தேகிக்கலாம். உடல் நீண்ட செவ்வக வடிவம். மார்பு அகன்று, கால்கள் நடுத்தர நீளத்தில் தடித்த எலும்போடு இருக்கும். பாதங்கள் பெரிதாக, உருண்டையாக, விரல்களுக்கிடையே ரோமக் கொத்துகளோடு இருக்கும். வாலை முதுகின் மேல் மெதுவாகப் படுக்க வைத்துப் பார்த்தால், அதன் நுனி தோள்பட்டை எலும்பைத் தொட வேண்டும். காணொளி அழைப்பில்கூட இதைச் சோதித்துக் காட்டச் சொல்லலாம்.

ரோமத்தைப் பொறுத்தவரை நீளத்தைவிட அது படியும் விதம்தான் முக்கியம். தோள்பகுதியில் குட்டையாகவும், விலாவிலும் வயிற்றிலும் பின்தொடையிலும் நீண்டும், பட்டுப்போல வழுக்கி உடலோடு படிந்தும் இருக்கும். உடல் முழுவதும் ஒரே நீளத்தில் பஞ்சுப் பொதியாக உப்பி நிற்கும் ரோமம் பெர்சியனுடையது. கழுத்தைச் சுற்றியுள்ள பிடரி ரோமம் வயதாக ஆகத்தான் நிறையும். வெயில் காலத்தில் உதிர்ந்து மெலியவும் செய்யும். எனவே ஏழு மாதக் குட்டிக்குப் பிடரி இல்லை என்பதை ஒரு குறையாகக் கொள்ள வேண்டாம்.

இரண்டாவது குட்டியைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: வாங்காதீர்கள். உடல் வெளிறி, முகமும் காதும் வாலும் கறுத்திருக்கும் அந்தக் கோலத்துக்குப் ‘பாயின்ட்’ என்று பெயர். நிறமியை உண்டாக்கும் நொதி உடலின் குளிர்ந்த பகுதிகளில் மட்டுமே சரியாக வேலை செய்வதால் ஓரங்கள் மட்டும் கறுக்கின்றன. அதே காரணத்தால்தான் கண்களும் நீலமாகின்றன. சயாமீஸ், ராக்டால், ஹிமாலயன் ஆகிய பூனைகளுக்கு இது இயல்பு. மெயின் கூனுக்கோ பெரிய பதிவுச் சங்கங்களின் இனவரையறையில் இந்தக் கோலத்துக்கு இடமே கிடையாது. இது ஒடுங்கு பண்பாகையால், தாய், தந்தை இருவர் வழியிலும் வந்திருந்தால்தான் வெளிப்படும். அதாவது இரு பக்கத்திலும் எங்கோ வேற்றினக் கலப்பு இருந்திருக்கிறது. சந்தையில் ‘அரிய நிறம்’ என்ற சொல் பெரும்பாலும் இப்படிப்பட்ட குட்டிகளின் மீதுதான் ஒட்டப்படுகிறது. வெள்ளைப் பூனைக்கோ வெள்ளைத் திட்டுகள் உள்ள பூனைக்கோ நீலக்கண் இருந்தால் அது வேறு கதை. அதை வரையறை ஏற்றுக்கொள்கிறது.

பதினைந்து கிலோ என்பதும் வெறும் விற்பனைப் பேச்சு. வளர்ந்த கடுவனுக்கு ஆறு முதல் எட்டு கிலோவும், பெட்டைக்கு நான்கு முதல் ஐந்தரைக் கிலோவும்தான் வழக்கமான எடை. உலகின் மிக நீளமான வளர்ப்புப் பூனை என்று 2018-இல் கின்னஸில் இடம்பெற்ற இத்தாலிய மெயின் கூன் ‘பாரிவெல்’ வால் உட்பட 120 சென்டிமீட்டர் இருந்தது. இந்த இனத்தின் பெருமை எடையைவிட நீளத்தில்தான் இருக்கிறது. முழு வளர்ச்சிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகுமாதலால், ஏழு மாதத்தில் 3.8 கிலோ என்பதை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது. கடுவனுக்கு அது சற்றுக் குறைவு என்று மட்டும் சொல்லலாம்.

கடுவன்:

மேலே உள்ள பதில் தெளிவாக இருக்கிறது. மற்ற இரண்டு இனங்களைப் பற்றிய கேள்வி விடுபட்டிருப்பதால் அதைச் சொல்கிறேன். மூன்றையும் பிரித்தறிய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாலே பெரும்பாலும் போதும். நார்வேஜியன் ஃபாரஸ்ட் பூனைக்குப் புருவத்திலிருந்து மூக்குநுனி வரை வளைவே இல்லாத நேர்க்கோடு. முன்னாலிருந்து பார்த்தால் தலை சமபக்க முக்கோணம். காதுகளின் வெளிவிளிம்பு அந்த முக்கோணத்தின் கோட்டையே தொடர்ந்து செல்லும். கண்கள் வாதுமை வடிவம். பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிடச் சற்று உயரம். சைபீரியனுக்கு எல்லாமே உருண்டை: தலை, கண்கள், பீப்பாய் போன்ற உடல். வாலும் உடல் நீளத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெயின் கூன் மனிதர்கள் கலந்து உருவாக்கிய இனமன்று. அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மெயின் மாநிலத்தின் பண்ணைகளிலும் துறைமுகங்களிலும் எலி பிடித்துத் திரிந்த நாட்டுப் பூனைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. (ரக்கூன் என்ற காட்டு விலங்கோடு கலந்து பிறந்தது என்ற கதை உயிரியல்படி நடக்க முடியாதது, பெயரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.) 1895-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கண்காட்சியில் ‘கோசி’ என்ற பழுப்பு வரிப்பூனை சிறந்த பூனையாகத் தேர்வானது. பிறகு பெர்சியன் மோகத்தில் இந்த இனம் பின்தள்ளப்பட்டு, 1976-இல்தான் சி.எஃப்.ஏ. என்ற பூனைப் பதிவுச் சங்கம் இதைச் சாம்பியன் போட்டிகளுக்கு ஏற்றது. 1985-இல் மெயின் மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வப் பூனையாக அறிவித்தது. நான் சொல்ல வருவது இதுதான்: அந்தப் பகுதியில் பதிவேடு எதிலும் இடம்பெறாத ஒரு பண்ணைப் பூனைகூட அச்சு அசலாக மெயின் கூனைப் போலவே இருக்கக்கூடும். தோற்றத்தை வைத்து ஒரு பூனையைத் தள்ளிவிட முடியும். தூய இனம் என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

சிறுவாணி:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது குட்டியை விட்டுவிட்டோம். காணொளி அழைப்பில் கடுவன் குட்டியைப் பார்த்தேன். மூக்குக்கோடு மெல்லிய வளைவோடுதான் இருக்கிறது. வாலின் நுனி தோளைத் தொடுகிறது. காதுகளும் உயரமாக உள்ளன. ஆனால் மோவாய் சற்று உள்வாங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. விடாமல் கேட்டபோது, தந்தைக்குப் பதிவுச் சான்று இருப்பதாகவும், தாயின் சான்று தொலைந்துவிட்டதாகவும் சொல்லி, குட்டியின் தடுப்பூசிப் புத்தகத்தை அனுப்பினார். அதில் இனம் என்ற இடத்தில் ‘மெயின் கூன்’ என்று எழுதியிருக்கிறது. இதை ஆதாரமாகக் கொள்ளலாமா? டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் தெளிவாகிவிடுமா?

நீலகிரி வாசி:

தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் இனப்பெயர், பூனையைக் கொண்டுவந்தவர் சொல்ல மருத்துவமனையில் குறித்துக்கொண்டது; அதற்கு ஆதார மதிப்பு எதுவும் இல்லை. தூய இனம் என்பதற்குப் பூனை உலகில் ஒரே பொருள்தான்: குட்டியின் தாய், தந்தை, அவற்றின் முன்னோர் என்று சில தலைமுறைகள் ஏதேனும் ஒரு சங்கத்தின் பதிவேட்டில் அதே இனமாகப் பதிவாகியிருக்க வேண்டும். சி.எஃப்.ஏ., டி.ஐ.சி.ஏ., ஐரோப்பாவின் ஃபிஃபே, டபிள்யு.சி.எஃப். ஆகியவை பரவலாக அறியப்பட்ட சங்கங்கள். டி.ஐ.சி.ஏ. சான்றாக இருந்தால் பதிவெண்ணின் தொடக்கத்தில் ‘எஸ்.பி.டி.’ என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள்; முன்னோர் மூன்று தலைமுறையாவது அதே இனம் என்பதை அது குறிக்கும். சான்றிலுள்ள பெயர், நிறம், பிறந்த நாள், மைக்ரோசிப் எண் ஆகியவை உங்கள் கண்முன் நிற்கும் குட்டியோடு பொருந்துகின்றனவா என்பதையும் சரிபாருங்கள். ஒரு பூனையின் சான்றைக் காட்டி வேறொரு பூனையை விற்பது நடக்காத காரியமன்று. சான்று தொலைந்துவிட்டது என்பதையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். பதிவு சங்கத்திடம் இருக்கும்போது, உரிமையாளர் கேட்டால் மறுபடி பெற்றுக்கொள்ளலாம். அவர் உண்மையைச் சொல்கிறாரென்றால் அதற்கு விண்ணப்பிக்கத் தயங்கமாட்டார்.

டி.என்.ஏ. பரிசோதனையால் நீங்கள் எதிர்பார்க்கும் விடை கிடைக்காது. அது உங்கள் பூனையின் மரபணுக்களை ஏற்கெனவே சேகரித்து வைத்திருக்கும் இன மாதிரிகளோடு ஒப்பிட்டு, எதற்கு நெருக்கம் என்று சொல்லும்; வம்சாவளிச் சான்றுக்கு அது மாற்றாகாது. இன்னாருக்குப் பிறந்தது என்பதை உறுதி செய்ய வேண்டுமானால், தாய் தந்தை இரண்டின் மாதிரிகளும் வேண்டும். உள்வாங்கிய மோவாய், தாயின் சான்று இல்லாமை ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தந்தை வழியில் மெயின் கூனும் தாய் வழியில் வேறேதோவும் கலந்த குட்டி என்றே நான் கருதுவேன். அது வளர்ப்பதற்கு அருமையான பூனையாக இருக்கலாம். ஆனால் அதற்குத் தூய இனத்தின் விலையைக் கொடுக்கக் கூடாது.

மதுரை மருத்துவர்:

கால்நடை மருத்துவர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கலப்பாக இருந்தாலும், தந்தை உண்மையில் மெயின் கூன் என்றால் அந்த இனத்தின் இதய நோயும் குட்டிக்கு வந்திருக்கலாம். இதயத் தசை தடித்துப்போகும் எச்.சி.எம். என்ற நோய்க்குக் காரணமான ஏ31பி என்ற மரபணு மாற்றம் 2005-இல் இந்த இனத்தில்தான் கண்டறியப்பட்டது. மெயின் கூன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதைச் சுமப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற பூனைகளுக்கு ஆபத்து மிகவும் அதிகம். டி.என்.ஏ. பரிசோதனைக்குச் செலவழிப்பதானால், இனத்தை அறிவதற்குப் பதிலாக இதற்கும், தசை நலிவை உண்டாக்கும் எஸ்.எம்.ஏ.வுக்கும் செலவழியுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியே போதும். ஏ31பி இல்லை என்று முடிவு வந்தாலும், வேறு காரணங்களாலும் இந்த நோய் வரக்கூடுமாதலால், பூனை வளர்ந்த பிறகு இதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பது அவசியம். தந்தைப் பூனைக்கு எக்கோ எடுத்திருக்கிறார்களா, இடுப்பு மூட்டை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பொறுப்பான வளர்ப்பாளராக இருந்தால் அந்த அறிக்கைகளைக் கையோடு வைத்திருப்பார். அவை என்னவென்றே தெரியாதவரிடமிருந்து, விலை எவ்வளவு குறைந்தாலும், அந்தக் கடுவனை வாங்க வேண்டாம்.