அந்துப்பூச்சி முட்டையைக் கிட்ட நிண்டு கண்ட ஆக்கள் எழுதுங்கோ

முத்தையன்கட்டு வயல்காரன்:
காலபோக நெல்லு, குடலைக்குக் கிட்ட (கதிர் வெளியில வரமுன்னம்). பொழுதுபட்டு வாய்க்கால் கட்டிப்போட்டு வரேக்க ரோச் வெளிச்சத்தில மஞ்சள் தண்டுதுளைப்பான் (நெல்லுத் தண்டைத் துளைக்கிற புழுவின்ர தாய் அந்துப்பூச்சி) ஒண்டு இலை நுனிப்பக்கம் குந்தியிருந்தது. முன்செட்டை ரெண்டிலும் ஒவ்வொரு கறுப்புப் பொட்டு, பெட்டைதான். முட்டையை இட்டு இட்டு, வால்பக்கத்து மயிரை அதுக்கு மேல தேய்ச்சு ஒட்டிக்கொண்டு நிண்டுது. தன்ர உடம்பு மயிரை உரிஞ்சு பிள்ளையளுக்குப் போர்க்குது! விடியப் போய் அந்த மண்ணிறப் பஞ்சை நகத்தால நீக்கினன். உள்ளுக்க தட்டையான வெளிறின முட்டையள், மீன் செதில் மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டு. இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

விசுவமடு அக்கா:
2018 கடைசியில சோளனைத் தின்னுற சேனா படைப்புழு இலங்கைக்குள்ள வந்ததே, அந்தப் போகம். சோளன் இலையில சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு. ஃபோனால படமெடுத்துப் பெருப்பிச்சுப் பாத்தா எல்லாம் முட்டை. அடி தட்டை, மேல கவிழ்த்த கூரை, உச்சியில இருந்து கீழ நுணுக்க வரியள். ஒண்டு அரை மில்லிமீற்றரும் இல்லை. ரெண்டு மூண்டு நாளில பொரிச்சு, புழுக்கள் தங்கட முட்டைக் கோதையே தின்னத் தொடங்கிச்சுதுகள். அதை என்னால மறக்கேலாது. முட்டை கறுத்தா அது பட்டுப்போச்சு, விடலாம் எண்டு பக்கத்துக் காணி ஐயா சொன்னவர்.

பரந்தன் தம்பி:
அக்கா, ஐயா சொன்னது பிழை. நம்பி விட்டுடாதேங்கோ. பொரிக்கப்போற முட்டையிலும் புழுவின்ர கறுத்தத் தலை கோதுக்குள்ளால தெரியும். ட்ரைக்கோகிரம்மா எண்ட குட்டிக் குளவி குத்தித் தன்ர முட்டையை உள்ளுக்க வைச்ச பூச்சி முட்டையும் கறுக்கும், ஆனா அது முழுக்க ஒரே கறுப்பு. சந்தேகமெண்டா முட்டையோட இலையைக் கிள்ளிப் போத்தலில போட்டு, வாயை மெல்லிய சீலையால கட்டி நிழலில வையுங்கோ. புழு வந்தா நசுக்குங்கோ. குளவி வந்தா திரும்ப அதே காணியில திறந்து விடுங்கோ. கண்ட உடன மருந்தடிக்க ஓடாதேங்கோ, குளவியும் சேர்ந்து சாகும். முட்டைத் திட்டைக் கையால கிள்ளி எடுக்கிறது செலவில்லாத வேலை, காலமை வரம்பால நடக்கேக்க பிள்ளையளும் செய்யலாம்.
என்ர கதை சின்னன்: மிளகாய்க் கண்டில காய்ப்புழு முட்டை, ஒண்டொண்டாத் தனிய, வெண்மஞ்சள். கறுத்ததைப் போத்தலில வைச்சன், குளவிதான் வந்தது.

நெடுங்கேணி எள்ளுக்காரி:
எல்லா முட்டைக்கும் மயிர்ப் போர்வை இல்லை. எள்ளு இலையின்ர அடியில மண்டையோட்டுப் பூச்சி வைக்கிறது ஒத்தை முட்டை, வழுவழுப்பு, வெறுங்கண்ணுக்கே வடிவாத் தெரியும்.

முத்தையன்கட்டு வயல்காரன்:
தம்பி, மிளகாய் முட்டை வெறும் முட்டை, உங்கட குளவி லேசாக் குத்தும். என்ர நெல்லு முட்டைக்கு மயிர் இருக்கு, அங்க ட்ரைக்கோகிரம்மாவுக்குக் கஷ்டம். அதுக்கு வேற குளவி, டெலினோமஸ். அது தாய்ப்பூச்சியின்ர வால் மயிரில தொத்திக்கொண்டு போய், முட்டை இடேக்க இறங்கிக் குத்தும். அடுத்தமுறை ரோச் அடிக்கேக்க பூச்சியின்ர வால்பக்கத்தையும் பாருங்கோ.