நல்லூர் கோபுரம் பின்னுக்கு வர சோடிப் படம்: 18இல எடுக்கிறதோ, 55இலயோ, 135இலயோ?

பனங்கூடல் கேட்டது:
கனன் ஏபிஎஸ்-சி (சின்னச் சென்சர்) கமரா, அதோட வந்த 18-55 மில்லிமீற்றர் கிட் லென்ஸ், கூட 55-250 ஒண்டு. நல்லூர் முன்வீதியில பொம்பிளை மாப்பிளையை நிப்பாட்டி, கோபுரம் பின்னுக்கு வடிவாத் தெரிய எடுக்க வேணும். 18இல எடுத்தால் கோபுரம் சின்னனாய், எங்கயோ தூரத்தில நிக்கிற மாதிரி வருது. நேர பார்க்கேக்க எவ்வளவு பெரிசாய் நிக்குது! குடும்பப் படத்தில கரையில நிக்கிற ஆக்களும் அகண்டு போகினம். வேற லென்ஸ் வாங்க வேணுமோ?

சங்குப்பிட்டி:
வாங்கத் தேவையில்லை தம்பி. ஆளுக்கும் கோபுரத்துக்கும் உள்ள அளவு வித்தியாசத்தை முடிவு செய்யிறது நீங்கள் நிக்கிற இடம். அந்த இடத்திலயிருந்து தெரியிறதில எவ்வளவு துண்டு பிரேமுக்குள்ள வரும் எண்டதைத்தான் குவியத்தூரம் (லென்ஸில இருக்கிற 18, 55 எண்ட மில்லிமீற்றர் எண்) தீர்மானிக்கும். சோதிச்சுப் பாருங்கோ: ஸ்ராண்டில கமராவைப் பூட்டி, அசையாமல் 18இல ஒண்டு, 55இல ஒண்டு எடுங்கோ. 18 படத்தின்ர நடுவை அகலத்திலயும் உயரத்திலயும் மூண்டில ஒரு பங்குக்குக் குறொப் பண்ணினால் (வெட்டி எடுத்தால்) ரெண்டிலயும் ஒரே காட்சிதான் இருக்கும்.

இப்ப கணக்கு. சோடி கோபுரத்திலயிருந்து 60 மீற்றர் முன்னுக்கு நிக்கினம், கமராவை நெடுக்காய்ப் பிடிக்கிறீங்கள் எண்டு வைப்பம். 18இல முழு ஆள் வர 2 மீற்றரில நிக்க வேணும். 55 போட்டு 6 மீற்றருக்குப் பின்வாங்கினால் சோடி அதே அளவு, ஆனால் கோபுரம் 2.9 மடங்கு பெரிசு. 135 போட்டு 15 மீற்றருக்குப் போனால் 6 மடங்கு. ஆனால் அங்கதான் ஆக்கள் மாட்டுப்படுகிறது: 135இல கோபுரம் நிக்கிற தூரத்தில பிரேமுக்குள்ள 12 மீற்றர் உயரம்தான் அடங்கும், 55இல 27 மீற்றர். அதனால 55இல தொடங்குங்கோ. உச்சி வெட்டுப்பட்டால் கமராவை இடுப்பளவுக்குப் பணியுங்கோ. சோடியோட ஒப்பிடேக்க கோபுரம் படத்தில கீழ இறங்கும், உச்சியும் உள்ளுக்கு வரும். அப்பவும் காணாட்டில் 40க்கு வந்து ஒண்டரை மீற்றர் முன்னுக்குப் போங்கோ.

கோபுரம் பின்பக்கம் சாயிற மாதிரி வந்தால் அது கமராவை அண்ணாத்திப் பிடிச்சதால வாறது. மட்டமாய்ப் பிடிச்சால் நிமிரும்.

அராலித்துறை:
அகண்டு போறதைப் பற்றி. தட்டையான சென்சரில சரிவாய் விழுற வெளிச்சம் உருவத்தை வெளிப்பக்கமாய் இழுக்கும். உங்கட கமராவில கிடையாய் எடுக்கேக்க, இடது வலது கரையில இருக்கிற தலை 18இல ஏறக்குறைய 18 வீதம் அகலும், 24இல 10 வீதம், 35இல 5 வீதம். 35இல ஒருத்தருக்கும் கண்ணில படாது. நாலரை மீற்றர் அகலக் குழுவுக்கு 35 போட்டு 8 மீற்றரில நில்லுங்கோ.

மென்பொருளில லென்ஸ் திருத்தம் போட்டால் இது போகாது. அது வளைஞ்ச சுவரை நேராக்கிறதுக்கு. கரையில நிக்கிற ஆளை இன்னும் கொஞ்சம் இழுத்து விடவும் பார்க்கும். மண்டபம் சின்னன், பின்வாங்க இடமில்லை எண்டால், ரெண்டு வரிசையை மூண்டாக்கி, கடைசி வரிசையை வாங்கில ஏத்துங்கோ. ரெண்டு கரையிலயும் வெறும் இடம் விடுங்கோ. கனபேர் குழுவைப் பிறை மாதிரி வளைச்சு நிப்பாட்டுகினம். அகலக்கோண லென்ஸுக்கு அது கூடாது. கரையில நிக்கிறவை கமராவுக்குக் கிட்ட வந்து இன்னும் பெருப்பினம். நேர்வரிசை தான் நல்லது.

பனங்கூடல்:
நன்றி அண்ணைமார். பொம்பிளையின்ர முகம் மட்டும் எடுக்கேக்க? பின்னுக்கு மங்கலாக்கிறதுக்கு 50 மில்லிமீற்றர் எப் 1.8 லென்ஸ் வாங்கச் சொல்லுகினம்.

வெளிவீதி:
முகத்துக்கும் தூரம்தான் கணக்கு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் 12 சென்ரிமீற்றர் எண்டு வைச்சால், அரை மீற்றரில நிண்டு எடுக்கேக்க மூக்கு காதை விட 24 வீதம் பெரிசாய்ப் பதியும். 2 மீற்றரில 6 வீதம். போனிலயும் அப்பிடித்தான், முகத்துக்குக் கிட்டப் போகாமல் ரெண்டு மடங்கு சூம் போட்டுத் தள்ளி நில்லுங்கோ.

ஆளின்ர அளவு படத்தில ஒண்டாய் இருந்தால், தூரத்துப் பின்னணி எவ்வளவு மங்கும் எண்டது லென்ஸ் வாயின்ர விட்டத்தில இருக்கு: குவியத்தூரத்தை எப் எண்ணால (லென்ஸ் வாய் எவ்வளவு திறக்குது எண்டு காட்டுற 1.8, 5.6 மாதிரி எண்) பிரியுங்கோ. 50 1.8க்கு 28 மில்லிமீற்றர். உங்கட 250 5.6க்கு 45. வெளியில வெளிச்சம் இருக்கேக்க கையில இருக்கிறதே கூட மங்கலாக்கும். மண்டபத்து இருட்டுக்கு 50 தேவைப்படலாம், அது வேற கதை.

கோபுரச் சோடிப் படத்துக்கு நேர்மாறாய்ச் செய்ய வேணும். 55இல எப் 11 போட்டு, பொம்பிளையின்ர கண்ணில போக்கஸ் வையுங்கோ. 4 மீற்றரிலயிருந்து 10 மீற்றர் வரைக்கும் கூர்மையாய் இருக்கும். கோபுரம் லேசாய் மெத்தெண்டு வரும், ஆனால் அடுக்குகள் பிரிஞ்சு தெரியும்.

முன்வாசல் கோபுரம் கிழக்கைப் பார்த்து நிக்கிறதால காலமை வெயில் அதின்ர முகத்தில நேர விழும். பின்னேரம் அந்தப் பக்கம் நிழல். 250இல கையில பிடிச்சு எடுத்தால் ஷட்டர் வேகம் 1/400 செக்கனுக்குக் கீழ போகாதேங்கோ. லென்ஸின்ர நடுக்கத் தடுப்பு உங்கட கையின்ர ஆட்டத்துக்கு மட்டும்தான், ஆள் அசைஞ்சால் உதவாது. மத்தியானத்தில மணல் வீதிக்கு மேலால தூரத்தில நிண்டு எடுத்தால் சூட்டுக் காத்தில கோபுரச் சிற்பமெல்லாம் நெளியும். அதை எந்த மென்பொருளும் ஒழுங்காய் எடுக்காது, 8 மணிக்கு முன்னமே முடியுங்கோ.